உள்ளே ஒன்றும் அச்சடிக்காத வாழ்த்து அட்டை

பொங்கல் வாழ்த்து என்றதும் நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்ட அந்த வரிசைதான் கண்ணுக்குள் வரும். கரும்பும் பானையும் ஒரு பக்கம், எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல் ஒரு பக்கம், நடுவில் கொம்புக்குச் சாயம் பூசிய காளை. பெரும்பாலும் சிவகாசி அச்சு. மாமாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, கூடப் படிக்கிற சிநேகிதிக்கு மட்டும் ஜிகினா ஒட்டியது. உறையின் வாயை ஒட்டாமல் செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதிவிட்டால் தபால்தலைச் செலவும் குறைச்சல்.

அந்த அட்டைகள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே எல்லாமே அச்சாகி இருக்கும். பொங்கலைப் போல் இன்பம் பொங்க வேண்டும், கரும்பைப் போல் வாழ்வு இனிக்க வேண்டும் என்று யாரோ எழுதிவைத்த நாலு வரி. நாம் செய்ய வேண்டியது ‘இப்படிக்கு’ என்பதற்குக் கீழே பெயர் போடுவது மட்டும். அதைக்கூட வீட்டில் கையெழுத்து நன்றாக இருக்கிற பிள்ளை ஒன்றே எல்லார் சார்பிலும் போட்டு முடித்துவிடும்.

கிறிஸ்துமஸுக்கு இப்படி வாசகம் அச்சடித்த அட்டை அனுப்பும் பழக்கம் லண்டனில் தொடங்கியது. 1843-ல் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரிக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத நேரமில்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லி ஒரு படம் வரைய வைத்தார். கீழே வாழ்த்து வாசகத்தையும் அச்சடித்து, பெறுபவர், அனுப்புபவர் பெயர்களுக்கு மட்டும் இடம் விட்டார். அடித்தது சுமார் 1,000 அட்டை. தனக்கு வேண்டியது போக மற்றவற்றை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்பனைக்கும் விட்டார்கள். ஆக, கடைகளில் விற்கிற கிறிஸ்துமஸ் அட்டை பிறந்ததே கடிதம் எழுதாமல் தப்பிப்பதற்காகத்தான்! இன்றைக்குக் காலையில் கண் விழித்ததும் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிற பூங்கொத்துப் படம் கோல் துரையின் நேர் வாரிசு.

நான் செய்கிற அட்டை இதற்கு நேர் எதிர். முகப்பில் கோலம் மாதிரி, அலை மாதிரி, கல் மாதிரி ஏதாவது ஒரு வடிவம் ஓடும் தாள். எழுத்து கிடையாது, படம் கிடையாது. உள்ளே சுத்தமான வெள்ளை. முதல் தடவை இதைப் பார்த்த பக்கத்து வீட்டு மதினி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இம்புட்டு அழகாச் செஞ்சிட்டு உள்ள ஒண்ணுமே போடலையே தாயி?” என்றார். “நீங்க எழுதணும்னுதான் மதினி” என்றேன். “நான் என்னத்த எழுத?” என்று அட்டையைக் கீழே வைத்துவிட்டார். சரியான கேள்விதான். கடை அட்டை நம்மை அந்தக் கேள்வி பக்கமே போகவிடாமல் பார்த்துக்கொண்டது.

முதலில் தாள் விஷயத்துக்கு வருகிறேன். வடிவம் போட்ட தாளுக்கு எங்கேயும் அலைய வேண்டாம், வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. கல்யாணப் பத்திரிகை ஒன்று போதும். நல்ல கனம், ஓரத்தில் பொன்னிறக் கொடி, உள் தாளில் மங்கலாக ஓடும் பூ. ஆனால் நம் வீடுகளில் பத்திரிகையில் கத்தரி வைப்பது லேசான காரியமில்லை. உச்சியில் பிள்ளையார் இருப்பார். எங்கள் ஊர் திருப்புல்லாணிப் பத்திரிகை என்றால் ஊர்ப் பெருமாளோ, திருமண்ணோ, சங்கு சக்கரமோ இருக்கும். அதை வெட்டக் கூடாது, காலில் படக் கூடாது. கீழக்கரையிலிருந்து வரும் பத்திரிகைகளில் சாமி படம் இருக்காது, கட்டங்களும் நட்சத்திரங்களும் கோத்த வடிவங்கள் அவ்வளவு அருமையாக இருக்கும். ஆனால் அதிலும் மேலே அரபியில் இறைவசனம் இருந்தால் அதே மரியாதைதான். புனிதமான பகுதியைத் தனியாகப் பிரித்துப் பத்திரப்படுத்திவிட்டு மிச்சத்தைத்தான் நான் எடுப்பது. அந்த மிச்சமே இரண்டு மூன்று அட்டைக்கு வரும்.

பரிசுப் பொருள் சுற்றும் தாள் பார்க்கப் பளபளப்பு, ஆனால் மெலிசு. பசை பட்ட இடம் மறுபக்கம் தெரியும். சார்ட் தாளில் கோலம் வரைந்து ஒட்டலாம், நன்றாகவே இருக்கும். இன்னும் ஆசை இருந்தால் ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைப் போய்ப் பாருங்கள். சேதுபதி மன்னர்கள் காலத்து ஓவியம், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. எல்லாரும் ராஜாவின் முகத்தையும் போர்க்காட்சியையும் பார்ப்பார்கள். நானோ ஓவியத்தில் இருப்பவர்கள் உடுத்தியிருக்கிற துணிகளைப் பார்ப்பேன். பூவும் கொடியுமாக எத்தனை விதம்!

ஆனால் எனக்குப் பைத்தியம் பிடித்தது மார்பிள் தாள் மேல். பழைய கணக்குப் பேரேடுகளைப் பார்த்திருப்பீர்கள்: முதுகில் சிவப்புத் துணி, அட்டைமேல் சலவைக்கல் போல நிறங்கள் சுழித்தோடும் தாள். அதேதான். அந்தச் சுழிப்பு தூரிகையால் வரைந்ததில்லை. கொழகொழப்பான தண்ணீர்மேல் நிறத்தைத் தெளித்து, சீப்பால் வாரி, அதன்மேல் தாளைப் படுக்கப் போட்டு எடுப்பது. ஜப்பானில் இதைப் போன்ற ஒரு முறைக்குப் பல நூற்றாண்டு வயது. துருக்கிக்காரர்கள் எப்ரு என்பார்கள். 2014-ல் அதை யுனெஸ்கோ மரபுப் பட்டியலிலேயே சேர்த்தது. நம் தக்காணத்துக்கும் இதில் பங்கு உண்டு. 17-ஆம் நூற்றாண்டு பீஜப்பூர் ஓவியர்கள் தாளின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு மற்ற இடத்தில் மட்டும் இந்தச் சுழிப்பை ஏற்றி, எலும்பும் தோலுமான குதிரை, அதன்மேல் ஒரு துறவி என்று படம் ஆக்கினார்கள். அந்த வகையில் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரு தாள் போல இன்னொரு தாள் வராது. அமெரிக்க விடுதலைப் போர் சமயம், 1775-ல், 20 டாலர் நோட்டின் ஒரு ஓரத்தில் மார்பிள் சுழிப்பை வைத்தார்கள், கள்ள நோட்டுக்காரன் அதை நகலெடுக்க முடியாது என்று. பேரேட்டின் தாள் விளிம்புகளில் அதைப் போட்டதற்கும் இதே மாதிரி ஒரு காரணம்: நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்தால் சுழிப்பு ஒட்டாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, அந்தக் கொழகொழப்புக்கு என்ன போடுகிறார்கள்? இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. கடல்பாசி! ஐரோப்பாவில் அட்லாண்டிக் கரையில் ஒதுங்கும் ஒரு சிவப்புப் பாசியைக் காய்ச்சி எடுத்தார்கள். இப்போது அதன் சத்தைக் கராஜீனன் என்ற பெயரில் பொடியாகவே விற்கிறார்கள். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்ப்பதும் அதுதான். எங்கள் ஊரிலிருந்து சேதுக்கரை கூப்பிடு தூரம். அங்கிருந்து கிழக்கே பெரியபட்டினம், மண்டபம், பாம்பன் என்று கரையெங்கும் பாசிதான் பிழைப்பு. பெண்கள் சேலைமேல் ஆண்களின் சட்டையைப் போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கிப் பறித்து வருவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அதனால் எங்கே பறிக்கலாம், எங்கே கூடாது என்ற இழுபறி இன்றைக்கும் ஓயவில்லை.

பாசியில் ரகம் பார்க்க வேண்டும். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் எடுக்கப் போகும். நோன்பு மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் வீடுகளில் பாலூற்றிச் சதுரம் சதுரமாக வெட்டித் தருவார்களே, அந்தக் கடல்பாசி இனிப்புக்கு அகர்தான் உயிர். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் ஆல்ஜினேட் எடுக்க. மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கிற கப்பாஃபைகஸ்தான் கராஜீனன் தருவது. அது நம் கடல் பாசியே இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து, 1990-களில் மண்டபத்தில் சோதனையாக வளர்த்து, பிறகு பெப்சி நிறுவனம் வழியாக ஊர் ஊராகப் பரவியது. குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகள்மேல் அது படர்ந்துவிட்டதை 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதியது தனிக் கதை.

அப்படியானால் மிதவையிலிருந்து ஒரு கை அள்ளிவந்து காய்ச்சிவிடலாமே என்று தோன்றும். காய்ச்சலாம், ஆனால் உதவாது. கராஜீனனிலேயே வகை உண்டு. கப்பாஃபைகஸில் கிடைப்பது ஆறியதும் கட்டியாக இறுகுகிற வகை. அகரும் அப்படியே இறுகிவிடும். நமக்கு வேண்டியது இறுகாமல், கெட்டியாக மட்டும் நிற்கிற தண்ணீர். நிறம் மேலே மிதக்க வேண்டும், சீப்பு போனால் வழிவிட வேண்டும், சீப்பு போன பிறகு கோடு அப்படியே நிற்க வேண்டும். ஆகவே மார்பிளுக்கென்றே விற்கும் பொடியைத் தபாலில் வரவழைக்கிறேன். இத்தனை பாசிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பாசிப்பொடிக்குப் பார்சல் எதிர்பார்த்து நிற்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது. வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அது முழுசாக நடக்க ஆரம்பித்தால் ஒரு பொட்டலமாவது ராமநாதபுரம் கடைக்கு வரட்டும்.

விலை கூட என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வழி, சோடியம் ஆல்ஜினேட். துணிக்குச் சாயம் அச்சடிக்கும் பட்டறைகளில் சாயத்தைக் கெட்டிப்படுத்தச் சேர்ப்பார்கள், சாயச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஒரே சிக்கல் தண்ணீர். சுண்ணாம்புச் சத்து இருந்தால் ஆல்ஜினேட் திரிந்து கட்டி கட்டியாகிவிடும். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் சவர், அதில் கரைத்தால் அவ்வளவுதான். மழைத் தண்ணீர் உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் மாடியிலிருந்து விழுகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துவிடுவேன். இல்லையென்றால் குடிக்க வாங்குகிற கேன் தண்ணீர்.

கராஜீனனுக்கு லிட்டருக்கு 5 முதல் 8 கிராம் பொடி. மிக்ஸியில் தண்ணீரை ஓடவிட்டபடியே பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் உருண்டை பிடித்துக்கொள்ளும். அடித்ததும் நுரையாக இருக்கும், ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் வடித்த கஞ்சி பதத்துக்குத் தெளிந்து நிற்கும். எங்கள் வெயிலுக்கு இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, வாடை வந்துவிடும். அட்டை செய்யும் வேலையில் மார்கழி எனக்குப் பிடிப்பதற்கு அந்தக் குளிரும் ஒரு காரணம். அகலமான, ஆழமில்லாத எந்தத் தட்டும் தொட்டியாகும்.

தாளுக்குப் படிகாரம் தடவ வேண்டும். இதை விட்டால் நிறம் தாளில் பிடிக்காது, கழுவும்போதே ஓடிவிடும். நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்தைப் பொடித்து வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, பஞ்சால் ஒரு கை லேசாக, இடைவெளி விடாமல் தடவிக் காயவிடுங்கள். தடவிய பக்கம் எது என்று பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், காய்ந்த பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதிகமாகவும் தடவாதீர்கள். படிகாரத்தின் அமிலம் மிஞ்சினால் சில வருஷத்தில் தாள் பழுத்து நொறுங்கும். வழவழப்பான தாள் வேண்டாம். பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959-லிருந்து கைக்காகிதம் செய்கிறார்கள். அங்கே மார்பிள் தாளும் போடுகிறார்கள். அவர்களுடைய வெள்ளைத் தாள் இந்த வேலைக்குக் கேட்கவே வேண்டாம். ஜெய்ப்பூர் சாங்கானேரில் உள்ள கைக்காகித நிறுவனத்துக்கு நம் காந்தியவாதி ஜே.சி. குமரப்பாவின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். கையால் காகிதம் செய்வதைக் கிராமத் தொழிலாக வளர்க்கப் பாடுபட்டவர் அவர்.

நிறத்துக்கு அக்ரிலிக் போதும். பழைய கைவினைஞர்கள் நிறம் பரவ மாட்டுப் பித்தநீர் விட்டார்கள். நமக்குத் தண்ணீர் விட்டு நீர்த்தால் போதும், பரவ மறுக்கிற நிறத்துக்கு மட்டும் சோப்பு நீர் ஊசிமுனை அளவு. தொட்டி மேல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அடியில் போனால் கெட்டி, தொட்டி முழுக்க ஓடி வெளிறினால் நீர்த்துவிட்டது, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விரிந்து நின்றால் சரி. ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் செய்தித்தாள் பட்டையால் தண்ணீரின் மேல்பரப்பை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிடுங்கள், படிந்த தூசியும் ஆடையும் போகட்டும். பிறகு விளக்குமாற்றுக் குச்சி நாலைந்தைக் கட்டித் தெளியுங்கள். முதலில் விழுந்த நிறத்தை அடுத்தது நெருக்கும், அதை அதற்கடுத்தது நெருக்கும். கடைசியாகப் போடுகிற நிறம்தான் வட்டமாகக் கண்ணுக்குத் தெரியும், முதலில் போட்டது நரம்பாக ஓடும். அதனால் கறுப்பு முதலில்.

அப்படியே எடுத்தால் கல். ஒரு குச்சியால் மேலும் கீழும் இழுத்து, அதற்குக் குறுக்கே சீப்பு ஓட்டினால் நெருக்கமான அலை. சீப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கெட்டி அட்டை விளிம்பில் ஒரே இடைவெளியில் குண்டூசி செருகியது. எனக்கு அலை போதும். மயில்தோகை என்று ஒரு வடிவம் உண்டு, புத்தக அட்டைக்குப் பிரமாதமாக இருக்கும். ஆனால் உள்ளங்கை அளவு அட்டையில் அது கூட்டம்.

தாளை இரண்டு எதிர் மூலைகளில் பிடித்து நடுவில் தொங்கலாக இறக்கி, நடுப்பகுதி தண்ணீரைத் தொட்டதும் இரு பக்கமும் மெதுவாக விட வேண்டும். டபக்கென்று போட்டால் அடியில் காற்று சிக்கி வெள்ளை வட்டம் விழும். எடுத்ததும் சொம்புத் தண்ணீரால் கொழகொழப்பைக் கழுவிக் கொடியில் போடுங்கள். காய்ந்த தாள் சுருண்டிருக்கும், கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு நாள் வைத்தால் படியும். என் வீட்டில் இந்தப் பாரம் சுமப்பது கம்பராமாயண உரைத் தொகுதிகள். ராமர் புல்மேல் படுத்துக் கிடந்த ஊரில் அவர் கதைக்குக் கீழே தாள் படுத்திருப்பதில் தவறில்லை.

இனி அட்டை. இங்கே நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. அழகான தாளை முழுசாக ஒட்டாதீர்கள். ஏ4 அளவில் அற்புதமாகத் தெரியும் தாள், மடித்த அட்டை முகத்தில் குறுகும்போது வெறும் இரைச்சலாகிவிடும். பழைய அட்டை ஒன்றில் சன்னல் வெட்டி, அதைத் தாள்மேல் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். எங்கேயோ ஓர் இடத்தில் கண் நிற்கும், அதை மட்டும் வெட்டுங்கள். சுற்றிலும் வெள்ளை விடுங்கள். பலர் முத்தும் ரிப்பனும் பிளாஸ்டிக் பட்டாம்பூச்சியும் ஒட்டுகிறார்கள். தாளில் வடிவம் இருக்கும்போது அதற்கு மேலே இன்னொரு அலங்காரம் எதற்கு? பொங்கலுக்கு என்று தெரிய வேண்டுமானால் சுழித்த தாளிலேயே பானை வடிவம் வெட்டி ஒட்டுங்கள். அல்லது பீஜப்பூர்க்காரர்கள் வழியில், படிகாரம் தடவிக் காய்ந்த தாளில் பானை இடத்தைக் காகிதத்தால் மறைத்துவிட்டுத் தோய்த்தெடுங்கள், பானை மட்டும் வெள்ளையாக வரும்.

அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம். ஏ4-ஐ இரண்டாக வெட்டி மடித்தால் ஏ6, சி6 உறையில் கச்சிதமாக நுழையும். மடிக்கும் முன் தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். லேசாக வளைத்தால் ஒரு பக்கம் இணங்கும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். இணங்குகிற பக்கமே மடிப்பு. மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்துக் கோடு அழுத்திவிட்டு மடித்தால் விளிம்பு வெடிக்காது. பசையை மெலிசாகத் தடவுங்கள், கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பசை மிகுந்த தாள் அலையலையாகப் பொங்கும்.

தபால் செலவுக்கும் கணக்குப் போட்டிருக்கிறேன். 300 ஜிஎஸ்எம் அட்டை 9 கிராம் சொச்சம், ஒட்டிய தாள் 2 கிராமுக்குள், உறை ஐந்து. எல்லாம் சேர்ந்து 20 கிராமுக்குள் அடங்கும், 5 ரூபாய்த் தபால்தலை போதும். முத்து ஒட்டினால் இந்தக் கணக்கும் கெடும், முத்திரை குத்துகிற இடத்தில் அட்டையும் நசுங்கும்.

மதினி விஷயத்தை முடிக்கவில்லையே. போன மார்கழியில் ஒரு சாயங்காலம் வந்து, “அன்னைக்கிக் காட்டினியே, அதுல ஒண்ணு குடு” என்றார். திருப்பூரில் இருக்கிற தம்பிக்காம். நீலமும் பழுப்பும் ஓடிய ஒன்றை எடுத்துக்கொண்டு போனவர், மறுநாள் காலையில்தான் திரும்பி வந்தார். அட்டையின் உள்பக்கம் இரண்டும் நிறைந்து, போதாமல் பின்பக்கமும் நிறைந்து, கோடு போட்ட நோட்டுத்தாள் இரண்டு வேறு உள்ளே மடித்து வைத்திருந்தார். கண்மாய் இந்த வருஷம் பெருகியது, ஆடு இரட்டைக்குட்டி போட்டது, அம்மாவின் கால்வலி, தை அமாவாசைக்குச் சேதுக்கரை வரும்போது பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னது. “வாசிச்சுப் பாத்து எழுத்துப் பிழை இருந்தாத் திருத்திரு” என்றார். நான் திருத்தவில்லை. என் தராசில் 24 கிராம் காட்டியது, இன்னொரு 5 ரூபாய்த் தபால்தலை ஒட்டினோம்.